கறுப்புக் கவுனும் மூன்று புள்ளியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நான் பையைத் திறந்து பட்டமளிப்புக் கவுனை எடுத்து உதறியபோது, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னா புள்ள இது, மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கு?" என்றார்.

அப்படித்தான் இருந்தது. கொழும்பில் என் கையில் கொடுக்கும்போதே அது எட்டாக மடிக்கப்பட்டு ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது. எனக்கு முன்னால் யார் உடுத்தினார்களோ, கழற்றிய கையோடு யார் மடித்தார்களோ, எத்தனை மாதம் அப்படியே இருந்ததோ. விழா நாளன்று அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எல்லோருடைய முதுகிலும் அதே கோடுகள், கட்டக் கொப்பி மாதிரி நெடுக்கும் குறுக்குமாக, அதனால் என்னுடையது மட்டும் தனியாகத் தெரியவில்லை. வினை அதற்குப் பிறகுதான். திரும்பி வரும்போது ஹட்டன் பஸ்ஸில் பையை மேல் தட்டில் வைத்தேன். அவிசாவளையில் ஏறிய ஒருவர் அதன் மேல் தன்னுடைய பையை வைத்தார், அந்தப் பைக்கு மேல் ஒரு ரம்புட்டான் மூட்டை. எழுந்து நகர்த்தியிருக்கலாம். விடிய மூன்று மணிக்கு எழும்பிய உடம்பு, கித்துல்கல தாண்டியதே தெரியாமல் தூங்கிவிட்டேன்.

படம் ஏன் வீட்டில் என்று கேட்பீர்கள். விழாவுக்கு ஒரு ஆளுக்கு இரண்டு அழைப்பிதழ்தான் கொடுத்தார்கள், அப்பாவும் அண்ணனும் வந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அழைப்பிதழ் காரணமில்லை, கினிகத்தேனையிலிருந்து கீழே இறங்கும் வளைவுகள்தான் காரணம். அந்த ரோட்டில் அம்மா வாழ்க்கையில் மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று தடவையும் யட்டியாந்தோட்டை வருவதற்குள் வாந்தி எடுத்து அரை உயிராகிவிட்டார். "மண்டபத்துக்குள்ள போயி மயங்கி விழுந்து ஒன்னைய கேவலப்படுத்தவா? நீ அதைப் போட்டுக்கிட்டு இங்க வா, நம்ம வாசல்ல வச்சுப் பாக்குறேன்." கவுனைச் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும், பிந்தினால் கட்டிய காசு திரும்பி வராது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கிற நாள் ஞாயிறு மட்டும். ஆக எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் வந்திருப்பவர்களுக்குத் தெரியும், துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் காயாது, கடைசியில் அடுப்புக்கு மேல் கட்டிய கயிற்றில் போட்டுப் புகையில்தான் காய வைப்போம். பள்ளிக்கூடம் போன காலத்தில் என் வெள்ளைக் கவுனில் எப்போதும் மிலாற்றுப் புகை வாசம் அடிக்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கிடைக்கிற விறகைத்தான் மிலாறு என்போம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வாசம் டவுன் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும், எங்களுக்குத் தெரியாது. வாடகைக் கவுனை அந்தக் கயிற்றுக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது என்று அன்றிரவு முதல் விதி போட்டேன்.

லயம் என்றால் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகள், ஒரு காம்பராவில் பேசினால் ஆறு காம்பராவுக்குக் கேட்கும். பத்து நிமிடத்தில் யோசனைகள் வர ஆரம்பித்தன. பெரியம்மா, "ராத்திரி பூரா இஸ்தோப்புல தொங்கப் போடு, பனி பட்டா சுருக்கமெல்லாம் தன்னால விட்டுப்போயிரும்" என்றார். இஸ்தோப்பு என்பது வீட்டு முன் வராந்தா. பக்கத்துக் காம்பரா மாமா மெத்தைக்கு அடியில் வைத்துப் படுக்கச் சொன்னார், அவர் கல்யாணத்துக்குக் காற்சட்டையை அப்படித்தான் மடிப்பெடுத்தாராம். இன்னொரு அக்கா, பித்தளைச் செம்பில் கொதிதண்ணீர் ஊற்றி அதன் அடியால் தேய்க்கச் சொன்னார். அப்பா ஸ்டோரில் வேலை. எங்கள் பக்கம் தேயிலை ஃபெக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வது. அவர் ரொம்ப நேரம் கவுனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேல்மாடியில கொழுந்து வாட்டுற எடத்துல கொண்டுபோயி விரிச்சா என்னா? கீழருந்து காத்து வருமே" என்றார். சிரிக்காதீர்கள், மற்றவர்கள் சொன்னதைவிட அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, அவர் வெப்பக் காற்றைப் பற்றி யோசித்தார். ஆனால் வாட்டுகிற காற்று பச்சைக் கொழுந்தைக் கருக்காமல் ஒரு இரவு முழுக்க மெதுவாகத் துவள வைக்கிற காற்று, கையை வைத்தால் லேசான இளஞ்சூடுதான். அதற்கு இந்தக் கவுன் அசையாது. போதாததற்குத் தேயிலைத் தூசு.

யூடியூப் இன்னும் மோசம். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்து வைத்து அந்த ஆவியில் பதினைந்து நிமிடம் தொங்க விடுங்கள் என்றார் ஒரு பெண். நாங்கள் பீலியில், வெளியே கொட்டுகிற குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறவர்கள். இன்னொருவர் உலர்த்தும் இயந்திரத்தில் இரண்டு ஐஸ் கட்டியைப் போடச் சொன்னார்.

பெரியம்மாவின் பனி வைத்தியம் பருத்திக்குச் சரி. பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் ஏழெட்டு வீதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் நூலைத் தளர்த்தும், தொங்குகிற பாரத்தில் சுருக்கம் கொஞ்சம் விடும். பொலியெஸ்டர் அரை வீதம் ஈரத்தைக்கூட உள்ளே விடாது. எங்கள் தோட்டத்துப் பனியில் ஒரு மாதம் தொங்கினாலும் அதற்குக் குளிராது, நனையாது, தளராது. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தக் கவுனை எனக்குக் கொடுத்ததே இரசாயனவியலுக்காகத்தான். பல்பகுதியங்களை, அதாவது பொலிமர்களைப் பற்றி மூன்றாம் வருடப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பொலியெஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலிகள் சுமார் 70, 80 பாகை செல்சியஸ் வரை விறைத்துக் கிடக்கும், அதைத் தாண்டினால் இளகி அசையத் தொடங்கும், அந்த நேரம் என்ன வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் ஆறும்போது மறுபடி இறுகிவிடும். 250 பாகையைத் தாண்டினால் உருகியே போகும். விடைத்தாளில் இதற்குப் புள்ளி வாங்கியவள், அன்றிரவு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

அயன் பெட்டியைச் சொருகினேன். மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை எங்கள் லயத்துக்கு வருகிற கரண்டில் உயிரே இருக்காது. எல்லா வீட்டிலும் டிவி, லைட், ஒரு சில வீட்டில் ரைஸ் குக்கர், எல்லாம் ஒரே வயரில். பல்ப் மஞ்சளாகி முனகும். அயன் பெட்டி சூடாகவே இல்லை. துணியில் வைத்து இழுத்தால் சுருக்கம் அப்படியே சிரிக்கிறது. நான் என்ன செய்தேன், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகியை ஒரு புள்ளியிலிருந்து மூன்று புள்ளிக்குத் திருப்பினேன். எல்லோரும் செய்கிற பிழைதான். மூன்றுக்குத் திருப்பினால் பெட்டி வேகமாகச் சூடாகாது, அதே வேகத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் மேலே போகும், அவ்வளவுதான். ஒரு புள்ளி ஏறக்குறைய 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இடது கையை விரித்து மூன்றாவது இழுவை இழுத்துக்கொண்டிருந்தபோது சீரியல் முடிந்து நாலு வீட்டில் டிவியை அணைத்தார்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. எனக்குச் சந்தோஷம். அம்மாதான் மூக்கைச் சுளித்து, "என்னமோ தீயுது" என்றார்.

தீயவில்லை, ஓட்டை விழவில்லை. பெட்டியின் மூக்கு இருந்த இடத்தில் கையின் மடிப்போரம் ஒரு பட்டை பளபளவென்று மின்னியது, கறுப்புக் கண்ணாடியில் விரலால் தேய்த்த மாதிரி. உருகுவதற்கு முன்னாலேயே இழைகள் இளகிப் பெட்டியின் பாரத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும். உருண்டையான இழை ஒளியைச் சிதறடிக்கும், தட்டையானது கண்ணாடி மாதிரி ஒரே பக்கமாகத் திருப்பி அடிக்கும், கறுப்பில் அது இரண்டு மடங்காகத் தெரியும். கவுனின் கழுத்துக்குள் ஒரு சின்னச் சீட்டு தைத்திருந்தது. நூறு வீதம் பொலியெஸ்டர். பக்கத்தில் அயன் பெட்டிப் படம், அதற்குள் ஒரே ஒரு புள்ளி. எல்லாம் முடிந்த பிறகு படித்தேன்.

கொஞ்சம் அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டிய காசுக்காக என்றுதான் வீட்டில் சொன்னேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார், கால் மணித்தியாலத்தில் கீழ் லயத்து அப்பு தாத்தாவோடு வந்து நின்றார். அப்பு என்பது அவர் பெயரில்லை, வேலை. துரை பங்களாவில் சமைத்து, மேசை போட்டு, துணி மடித்துக் கொடுக்கிறவரை அப்பு என்பார்கள். பையனாகச் சேர்ந்து அப்புவாக ஆனவர், வேலையை விட்டு எத்தனையோ வருடம், பெயர் மட்டும் விடவில்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது கடைசி வெள்ளைக்காரத் துரையின் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தது தான்தான் என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அவரிடம் இன்னமும் ஒரு பித்தளை அயன் பெட்டி இருக்கிறது, மூடியைப் பூட்டுகிற கொக்கியில் ஒரு சேவல் நிற்கும், உள்ளே சிரட்டைக்கரி போடுவது. நான் அதைக் கொண்டுவருவார் என்று நினைத்தேன், கொண்டுவரவில்லை. "கரி பொட்டி ஒரு பொறி கக்குனா போதும், இந்தத் துணியில ஓட்டை விழுந்துரும்" என்றார். கையில் மடித்த பழைய வேட்டித் துண்டு ஒன்றும், வழவழப்பான தட்டைப் பலகை ஒன்றும் மட்டும்.

கவுனை இரண்டு விரலால் உரசிப் பார்த்தார். "இது துணியில்ல புள்ள. பிளாஸ்டிக்கு." நான் இரசாயனவியல் பட்டதாரி, பேசாமல் இருந்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை, சோடாப் போத்தல் செய்கிற அதே பல்பகுதியத்தைத்தான் நூலாக இழுத்து இதை நெய்கிறார்கள். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு பேர் அந்த நூலைக் கண்டுபிடித்தார்கள், டெரிலின் என்று பெயர் வந்தது. டெரிலின் சேர்ட் என்றால் ஒரு காலத்தில் எங்கள் தாத்தாமாருக்குத் தீபாவளி உடுப்பு. கசங்காத துணி என்று சொல்லித்தான் விற்றார்களாம். ரம்புட்டான் மூட்டையை யாரும் அதன் மேல் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பிறகு அவர் செய்ததை விவரமாக எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. முதலில் இஸ்தோப்பில் இருந்த வாங்கை உள்ளே இழுத்துப் போட்டு, அதன் மேல் கம்பளியை நாலாக மடித்து விரித்து, அதற்கு மேல் வெள்ளைப் போர்வை. மேசையின் கடினத்தில் வைத்துத் தேய்த்தால் தையல் விளிம்புகள் எல்லாம் மேல் பக்கம் கோடாகத் தெரியும் என்றார். கவுனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். வேட்டித் துண்டைத் தண்ணீரில் முக்கி, சொட்டு விழாத வரைக்கும் பிழிந்து, விரித்துப் போட்டார். திருகியை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார், கரண்ட் எப்படி இருந்தாலும் அதைத் தொடக் கூடாது, சூடாகும் வரை சும்மா இருக்க வேண்டும். நாங்கள் சும்மா இருந்தோம். அம்மா தேத்தண்ணி ஊற்றினார்.

"தேய்க்காத" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல். இழுத்தால் துணி நீளும், கோணும். வைக்க வேண்டும், மூன்று எண்ண வேண்டும், தூக்க வேண்டும். ஈரத் துணி சீறும், ஆவி கீழே இறங்கும். தூக்கிய உடனே வேட்டித் துண்டை விலக்கிவிட்டு அந்தப் பலகையை அதே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒரு பத்து எண்ணுவார். எனக்கு அந்தப் பலகைதான் புரியவில்லை, கேட்டேன். "சூட்டோட தூக்குனா மறுபடி சுருங்கிக்கும். ஆற வச்சாத்தான் படியும். தொரையோட கோட்டுக்கு அப்படித்தான்." துரையின் கோட்டு கம்பளித் துணி, இது பொலியெஸ்டர், ஆனாலும் சங்கதி ஒன்றுதான். சுருக்கத்தை எடுக்கிறது சூடு மட்டும் இல்லை, தட்டையாகப் பிடித்திருக்கும்போதே ஆறுவதும்தான். நான் பரீட்சையில் எழுதிய 80 பாகைக் கணக்கின் மற்றப் பாதி அந்தப் பலகை. சூடாக இருக்கும்போதே எடுத்து மாட்டிக்கொண்டு வாகனத்தில் உட்கார்ந்தால், உட்கார்ந்த மடிப்பே அப்படியே இறுகிவிடும், படம் எடுக்கப் போகிறவர்கள் பல பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

தோள்பட்டைத் துண்டு முதலில், பிறகு கைகள், பிறகு முன்னால் இறங்குகிற இரண்டு பட்டி, உடம்பு கடைசியில். பெரிய பரப்பை முதலில் முடித்துவிட்டுக் கைக்கு வந்தால் முடித்தது எல்லாம் மறுபடி கசங்கும். முதுகில் நெருக்கமாகச் சுருக்கி வைத்துத் தைத்திருக்கிறார்களே, அதை அவர் தொடவே இல்லை. அது சுருக்கமாக இருக்க வேண்டிய சுருக்கம். அதற்குக் கேத்தல்.

அண்ணன் வீட்டிலிருந்து கரண்ட் கேத்தல் வந்தது. கவுனை ஒரு மிலாற்றுக் குச்சியில் இரண்டு பக்கமும் துவாய் சுற்றி மாட்டித் தொங்கவிட்டோம், கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோளில் கொம்பு முளைத்த மாதிரி மேடு தட்டும். அப்பா கேத்தலின் மூக்கை ஒரு சாண் தூரத்தில் பிடிக்க, நான் துணியின் கீழ் விளிம்பைச் சற்று இழுத்துப் பிடித்தேன். கைக்கு நேராகப் பிடித்துவிடாதீர்கள், ஆவி சுட்டால் தண்ணீர் சுடுவதைவிட மோசம். இந்த இடத்தில் எனக்குள் ஒரு சந்தேகம். எங்கள் உயரத்தில் தண்ணீர் நூறில் கொதிக்காது, 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை குறையும். ஹட்டனே 1,200 மீட்டருக்கு மேல். ஆக எங்கள் கேத்தலின் ஆவி 96 பாகை, நுவரெலியாவில் என்றால் 94. அப்பாவிடம் சொன்னேன். "அதனாலதான் நம்ம ஊர்ல பருப்பு வேகுறதில்லன்னு ஒங்கம்மா தெனம் சொல்றாளே" என்றார். பருப்புக்குப் போதாத சூடு பொலியெஸ்டருக்குத் தாராளம். 80 பாகையைத் தாண்டினால் சரி. மெதுவாக, கண் முன்னாலேயே, எட்டு மடிப்பின் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போவதைப் பார்த்தோம். கழுத்தில் போடும் ஹூட்டுக்கு மட்டும் ஆவியும் வேண்டாம் என்றார் தாத்தா, அதன் உள்ளே சாட்டின், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் போட்டுவிடும். அதைப் பின்பக்கமாகக் காய்ந்த துணி வைத்து ஒற்றி எடுத்தோம்.

பளபளத்த இடத்துக்கு வினாகிரியில் தண்ணீர் கலந்து துணியில் தொட்டு ஒற்றி, மேலே ஆவி பிடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் நூலின் திசைக்கு எதிராகத் தட்டிப் பார்த்தோம். பாதி குறைந்தது. மீதி குறையவே இல்லை, நசுங்கியது எழும்பும், இளகி ஒட்டியது எழும்பாது. "கையைத் தொங்கப் போட்டு நில்லு, மடிப்புக்குள்ள போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பத்தரை மணி.

நான் கவுனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். "அயன் சூடா இருக்கையிலேயே இதையும் ஒரு இழுப்பு இழுத்துக் குடு." அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டுச் சேலை. எனக்குக் கொஞ்சம் குழப்பம், உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். சித்தப்பா மகன்தான் படம் எடுக்கிறவன், அவனும் நானும் மனதில் ஏற்கனவே ஒரு படம் வைத்திருந்தோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கவுன் போட்ட பிள்ளை, பக்கத்தில் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கயிறு போட்டு, முதுகில் கொழுந்துக் கூடையோடு அம்மா. ஒவ்வொரு பட்டமளிப்புக்கும் பேஸ்புக்கில் நாலைந்தாவது வரும், ஆயிரக்கணக்கில் பகிர்வார்கள். அதைச் சொன்னேன்.

"வேலைக்குப் போற உடுப்போட எதுக்குப் படம்?" என்றார் அம்மா. "நீ ராத்திரி பூரா மினுக்கி வச்சுக்கிட்டு நிப்ப, நான் மட்டும் அட்டை கடிச்ச காலோட படங்கு கட்டி நிக்கணுமா? அந்தப் படம் யாருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த மாதிரி எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த அம்மாக்கள் விரும்பி நின்றிருந்தால் அது அவர்கள் பாடு. எங்கள் அம்மா விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அதே டிரங்கின் அடியில் ஒரு படம் இருக்கிறது. அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவின், தம்பி குடும்பம், ஸ்டுடியோவில் எடுத்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி ஆட்களில் ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்களே, அதில் இவர்கள் இந்தியாவுக்கு. ஹட்டனில் கோச்சி ஏறுவதற்கு முந்திய வாரம் எடுத்த படம். அக்காவுக்கு ஒன்று விட்டுப்போக வேண்டுமே என்று. ஆறு பேர், யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் சின்ன வயதிலிருந்தே சேர்ட்டைப் பார்ப்பேன். அந்தக் குடும்பத்துத் தாத்தாவின் சேர்ட்டிலும் இரண்டு பையன்களின் சேர்ட்டிலும் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே அளவில் ஒரு கோடு. கடையிலிருந்து வாங்கிப் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு. புதுச் சேர்ட், அயன் பண்ண ஆளோ பெட்டியோ நேரமோ இல்லை. அந்தக் கோடு இன்னும் அந்தப் படத்தில் இருக்கிறது. அம்மா அதைப் பார்த்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. சேலையை வாங்கி, திருகியை ஒரு புள்ளிக்கு இறக்கி, காய்ந்த வேட்டித் துண்டை மேலே போட்டு, முந்தானையிலிருந்து ஆரம்பித்தேன். பட்டுக்குத் தண்ணீர் தெளிக்கக் கூடாது, புள்ளி புள்ளியாகக் கறை நிற்கும். கவுனுக்கு மூன்றரை மணித்தியாலம் போனது, சேலைக்கு இருபது நிமிடம்கூட இல்லை.

காலையில் கதவைத் திறந்தால் எதிர் லயம் தெரியவில்லை. அப்படி ஒரு பனி. சிவனொளிபாதமலை பின்னால் வருகிற மாதிரி எடுக்கலாம் என்று தம்பி திட்டம் போட்டிருந்தான், பத்தடிக்கு அப்பால் நிற்கிற முருங்கை மரமே வரவில்லை. அவன் தலையில் கை வைத்துக்கொள்வான் என்று பார்த்தேன், கமெராவில் இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, நீ ராத்திரி இவ்வளவு மெனக்கெட்டதே வேஸ்ட்." பனி வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வரும், நிழலே விழாது, நிழல் விழாவிட்டால் சுருக்கம் தெரியாது. சுருக்கம் என்பது கமெராவுக்கு ஒரு சின்ன மேடும் அதன் நிழலும்தான். பக்கவாட்டில் வெயில் அடித்தால் மறைந்திருக்கிற மடிப்பும் தெரியும், பனியில் மாடு மென்ற கவுனும் பரவாயில்லாமல் இருக்கும். நான் அவனை அடிக்கப் போனேன்.

ஒன்பதரைக்குப் பனி விலகி வெயில் குத்தியபோது அவனே பேச்சை மாற்றினான். கறுப்புத் துணியை அப்படியே எடுத்தால் கமெரா இருட்டு என்று நினைத்துச் சாம்பல் நிறமாக்கிவிடும், ஒரு படி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கறுப்பு கறுப்பாக வரும், வெயிலில் குறைத்தால் நூல் நூலாகத் தெரியும். நெஞ்சில் ஒரு கோடு இல்லை, முதுகில் இல்லை. இடது கையைத் தாத்தா சொன்ன மாதிரி தொங்கப் போட்டேன்.

அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம், பக்கத்தில் நின்று ஒரு படம். கூடை கொடியடியில் கவிழ்ந்து கிடந்தது, ஒரு படத்தின் மூலையில் பாதி வந்திருக்கிறது, வெட்டவில்லை. கடைசியில் தம்பி கவுனைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டான். அம்மா கையைத் தூக்கிப் பார்த்தார், பளபளத்த இடத்தைப் பெருவிரலால் ஒரு தடவை தேய்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எப்புடி வேக்குது! இதைப் போட்டுக்கிட்டா நீ மூணு மணி நேரம் ஒக்காந்திருந்த?" என்று உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். ஈரத்தை உள்ளே விடாத துணி வேர்வையையும் உறிஞ்சாது. அந்தப் படத்தில் மட்டும் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார், மற்ற எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் முகம்.

செவ்வாய்க்கிழமை கவுனை மடிக்காமல், மிலாற்றுக் குச்சியோடு, பழைய போர்வையால் மூடி, கொழும்பு பஸ்ஸில் மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து சீட்காரர் யாருக்கோ கோட்டு கொண்டுபோகிறேன் என்று நினைத்தார். கவுண்டரில் இருந்தவர் பற்றுச்சீட்டைப் பார்த்தார், கவுனைக் குச்சியிலிருந்து உருவினார், பார்க்கவே இல்லை, ஒரே சுருட்டாகச் சுருட்டிப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார். காசைக் கொடுத்தார். குச்சியையும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த விழாவுக்கு அந்தச் சாக்கிலிருந்து ஒரு கவுன் உங்கள் கைக்கு வந்தால், முதலில் கழுத்துக்குள் இருக்கிற சீட்டைப் படியுங்கள். பிறகு இடது கையின் மடிப்போரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பட்டை மின்னினால், அது நான் செய்தது. கையைத் தொங்கப் போட்டு நில்லுங்கள், மடிப்புக்குள் போய்விடும்.